‘தண்ணி’ என்றது பாலை நிறுத்தியதாலா?

பாலை நிறுத்திய ஒன்பதாம் நாள் என் மகன் டம்ளரைக் காட்டி “தண்ணி” என்றான். மூன்றரை வயதில், அவன் எங்களிடம் வாய்திறந்து கேட்ட முதல் சொல். நானும் அவன் அம்மாவும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டோம். ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது. பாலிலும் கோதுமையிலும் இருக்கும் புரதம்தான் மூளையைக் குழப்புகிறது, அதை நிறுத்தினால் பேச்சு வரும் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தார். அன்றிரவே நாலு பேருக்குப் போன் போட்டு நானும் அதையே உறுதியாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் அவனுடைய தெரபி நோட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. “இன்று இரண்டு முறை தண்ணி என்று கேட்டான்.” தேதியைப் பார்த்தேன். பாலை நிறுத்துவதற்குப் பதினொரு நாள் முன்பு எழுதியது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் எங்கள் கண் பொய் சொல்லவில்லை. அவன் பேசியது நிஜம். காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டோம். இந்தத் தவறு பெற்றோருக்கு மட்டும் நேர்வதில்லை, மருத்துவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

செக்ரிடின் என்பது சிறுகுடல் சுரக்கும் ஒரு ஹார்மோன். கணையத்தைத் தூண்டிவிடுவது அதன் வேலை. கணையம் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க அதை ஊசி வழியாக ஏற்றிப் பரிசோதிப்பார்கள். அப்படிப் பரிசோதிக்கப்பட்ட மூன்று ஆட்டிசக் குழந்தைகள் சில வாரங்களில் முகம் பார்க்கத் தொடங்கினார்கள், பேச்சும் கூடியது என்று 1998-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. செய்தி தொலைக்காட்சியில் பரவ, ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள்.

மறு ஆண்டே அதைச் சோதித்தார்கள். 60 குழந்தைகளில் பாதிப் பேருக்குச் செக்ரிடின், மீதிப் பேருக்கு வெறும் சலைன், அதாவது உப்புநீர். யாருக்கு எது போனது என்பது பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நாலு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால் செக்ரிடின் போட்ட குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். உப்புநீர் போட்ட குழந்தைகளும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரிடினில் ஆர்வம் இருக்கிறது என்றே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் குழந்தை மாறியதைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

சரி, உப்புநீர் எப்படி வேலை செய்தது? அது எதுவும் செய்யவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளர்கிற குழந்தைதான். நாலு வாரத்தில் ஏதாவது ஒன்று புதிதாக வரும். அப்புறம், புதுச் சிகிச்சையை நாம் எப்போது தேடிப் போகிறோம்? தூக்கமில்லாமல், அழுகை நிற்காமல், இனி முடியாது என்கிற வாரத்தில். அவ்வளவு மோசமான வாரத்துக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் நல்ல வாரம்தான். அதே சமயம் ஸ்பீச் தெரபியும் நடந்துகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் மாறிவிடுகிறோம். மருந்து உள்ளே போனதும் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பதிலுக்காக இன்னும் சில நொடி பொறுத்திருக்கிறோம். போன மாதம் கவனிக்காமல் விட்ட ஒலி இந்த மாதம் சொல்லாகக் கேட்கிறது.

அதனால்தான் ஒப்பிட ஒரு குழு வேண்டும். சிட்டலோப்ராம் என்ற மருந்தை 149 குழந்தைகளிடம் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மருந்தே கலக்காத போலி மருந்து சாப்பிட்டவர்களில் 34 சதவீதம். மூன்றில் ஒரு குழந்தை தேறியது என்று மட்டும் சொல்லியிருந்தால் எந்தப் பெற்றோரும் வாங்கியிருப்பார்கள். நிஜமாகவே வேலை செய்யும் மருந்தை இதே சோதனை விட்டுவிடுவதும் இல்லை. கடுமையான கோபத்துக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் தரப்படும் ரிஸ்பெரிடோனை 2002-இல் 101 குழந்தைகளிடம் பார்த்தபோது மருந்து சாப்பிட்டவர்களில் 69 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், போலி மருந்தில் 12 சதவீதம் பேருக்கு மட்டும் என்று வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அது ஆட்டிசத்தை மாற்றுவதில்லை. எட்டே வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ எடையும் ஏற்றிவிட்டது.

பால், கோதுமை விஷயத்தையும் சோதித்திருக்கிறார்கள். இரண்டையும் நிறுத்திய 14 குழந்தைகளுக்கு வாராவாரம் ஒரு தின்பண்டம் கொடுத்தார்கள். சிலதில் பால் புரதம், சிலதில் கோதுமைப் புரதம், சிலதில் இரண்டும், சிலதில் எதுவுமே கிடையாது. எதில் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தூக்கத்திலோ வயிற்றிலோ நடத்தையிலோ எந்த வித்தியாசமும் வரவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் என் ஒன்பது நாளைவிடப் பல மடங்கு கவனமானது.

உணவுக் கட்டுப்பாட்டையாவது திருத்திக்கொள்ளலாம். உடலிலிருந்து பாதரசத்தை வெளியேற்றுகிறோம் என்று கீலேஷன் மருந்து ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயம் நின்று, 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். குளோரின் டை ஆக்சைடு என்னும் வெளுப்பானைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதும்போதே கை நடுங்குகிறது. தட்டம்மைத் தடுப்பூசியான MMR-மேல் ஆட்டிசத்துக்குப் பழி போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் அந்தத் தொடர்பு தென்படவே இல்லை.

பலன் தருவது ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான். பிரிட்டனில் 152 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து அவர்களுக்கே போட்டுக்காட்டி, குழந்தை தரும் சின்னச் சைகையைப் பிடித்துப் பதில் தரப் பழக்கினார்கள். சுமார் 6 ஆண்டு கழித்தும் அந்தக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. யாரும் ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லவில்லை. எனக்கு அந்த ஆய்வின்மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

இப்போது யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது கிடைக்காத குழந்தைகள் அதே காலத்தில் எவ்வளவு முன்னேறினார்கள்? பதில் இல்லையென்றால் வந்துவிடுவேன். ஆபத்தில்லாத ஒன்றை வீட்டில் முயன்று பார்ப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். எதை எண்ணப்போகிறோம், எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறோம். எண்ணுகிறவருக்கு மாற்றியது என்ன என்று சொல்வதில்லை.

பாலை மறுபடி கொடுத்தபோதும் அப்படித்தான் செய்தோம். தெரபிஸ்டிடம் ஒன்றும் சொல்லாமல், அவன் தானாகக் கேட்கும் சொற்களை ஆறு வாரம் எண்ணித் தரச் சொன்னோம். எண்ணிக்கை எந்த வாரமும் குறையவில்லை. முதல் நாள் காலை டம்ளரைக் காலி செய்துவிட்டு என்னிடம் நீட்டி, “இன்னும்” என்றான். நோட்டை எடுத்துத் தேதியோடு எழுதினேன்.