தவறான விடை சொல்லும் சேதி

ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய எது உதவாது? மூன்று மிட்டாய், அரை கப் ஆரஞ்சுச் சாறு, ஒரு கப் டயட் குளிர்பானம், ஒரு கப் கொழுப்பு நீக்கிய பால்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட நீரிழிவு அறிவுத் தேர்வில் வரும் கேள்வி இது. மொத்தம் 23 கேள்விகள். 14 எல்லோருக்கும், மீதி 9 இன்சுலின் போடுகிறவர்களுக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குளிர்பானக் கேள்விதான். 'இனிப்பு ஆகாது' என்பதை மட்டும் மனப்பாடம் செய்துவைத்தவர் மிட்டாயைக் காட்டிவிடுவார். மயக்கம் வரும் நேரத்தில் கைகொடுப்பது அந்த மிட்டாய்தான், டயட் பானத்தில் ஏற்றுவதற்குச் சர்க்கரையே இல்லை என்று புரிந்தவருக்கே விடை பிடிபடும். தவறாகச் சொன்னால் அன்றைக்கு அவருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை சர்க்கரையின் எவ்வளவு கால சராசரியைக் காட்டுகிறது என்றும் கேட்கிறார்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. அது ஓர் இரவுப் பட்டினியில் உதிர்ந்துவிடாது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் மட்டும் சோற்றைத் தள்ளிவைப்பவர்கள் அறிய வேண்டிய விஷயம்.

நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நாலில் ஒரு முறை சரியாகிவிடும். அதனால் ஒற்றைக் கேள்வியை நம்புவதில்லை. ஒன்றில் சரியாகச் சொன்னவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்கிறார்கள். இந்த ஒத்துப்போதலை அளக்கும் குரோன்பாக் ஆல்பா என்ற எண் 0.7ஐ எட்டினால் தேர்வை ஏற்பது வழக்கம்.

தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். மாவுச்சத்து எதில் அதிகம் என்ற கேள்வியில் சுவிஸ் சீஸும் வேர்க்கடலை வெண்ணெயும் வருகின்றன. சீஸையே தொட்டறியாத ஒரு பாட்டி தடுமாறினால், அங்கே அளக்கப்பட்டது அமெரிக்கச் சமையலறைப் பழக்கம்தான். அவித்த முட்டை, மோர், கீரை, இட்லி என்று மாற்றலாம். மாற்றிய கேள்வி புதுக் கேள்வி, அதை மறுபடி சோதித்தாக வேண்டும்.

நிறைய மதிப்பெண் வாங்கியவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தே தீரும் என்றும் இல்லை. பாதத்தைத் தினமும் பார்க்கவேண்டும் என்று தெரியும். குனிய முழங்கால் விடாது. ஆகவே வேறொரு வினாத்தாள் அறிவை விட்டுவிட்டுச் செயலைக் கேட்கிறது: கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் உங்கள் பாதத்தைப் பார்த்தீர்கள்?