‘இன்சினுவேட்’ என்று எழுதும் முன்

ஒன்றை நேராகச் சொல்லாமல் உணர்த்துவதைக் குறிக்க ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் ‘இன்சினுவேட்’ என்னும் சொல்லே பெரும்பாலும் இடம் தவறி வந்து விழுகிறது என்பதை, அலுவலகக் கடிதங்களையும் விசாரணை அறிக்கைகளையும் மொழிபெயர்த்தும் திருத்தியும் வரும் பணியில் நான் தொடர்ந்து கண்டுவருகிறேன். அகராதியில் ‘மறைமுகமாகக் குறிப்பிடு’, ‘குறிப்பால் உணர்த்து’ என்று பொருள் இருப்பதைப் பார்த்தவர்கள், குறிப்பாகச் சொல்லப்படும் எதற்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடுகிறார்கள். குறிப்பால் உணர்த்துவதும் உணர்வதும் தமிழில் பாராட்டுக்குரியவை. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்களே உள்ளன. ஆனால் ‘இன்சினுவேட்’ அந்த வகைக் குறிப்பன்று. பிறர்மீது பழியோ ஐயமோ படியும்படி, பிடிகொடுக்காமல் பேசுவதையே அது குறிக்கிறது. ஜாடையாகக் குற்றம் சாட்டுதல் என்பதே அதற்கு நெருங்கிய தமிழ்.

இதனால் என்ன கேடு என்பதற்கு ஒரு விசாரணை அறிக்கையின் வரைவைச் சொல்கிறேன். கணக்கு வேறுபாடு ஒன்றைப் பற்றிய விசாரணையில் ஊழியர் ஒருவர், “அவர் பொறுப்பில் இருந்த இரண்டு நாளும்தான் கணக்கு ஒத்துப்போகவில்லை” என்று தமிழில் வாக்குமூலம் தந்திருந்தார். அதை ஆங்கிலத்தில் எழுதியவர், ‘சக ஊழியர் பணத்தைக் கையாடியதாகச் சாட்சி இன்சினுவேட் செய்தார்’ என்ற பொருள்படும் வாக்கியத்தை அமைத்திருந்தார். ஒரே வினைச்சொல் அங்கே இரண்டு காரியங்களைச் செய்துவிட்டது. சாட்சி சொல்லாத கையாடல் அவர் வாயில் ஏற்றப்பட்டது. அவர் வன்மத்தோடு பேசினார் என்ற தீர்ப்பும் கூடவே எழுதப்பட்டது. தமிழ் மூலத்தைப் படிக்க இயலாத அதிகாரி அந்த ஆங்கில வரியை மட்டுமே வைத்துச் சாட்சியை எடைபோடுவார் அல்லவா? ‘கூறினார்’ என்ற பொருள்தரும் எளிய வினையைப் போட்டு, அவர் சொன்ன சொற்களை அப்படியே தந்து, அதிலிருந்து எந்த முடிவுக்கு வருவது என்பதை விசாரிப்பவரிடம் விட்டுவிடுவதே முறை.

உட்பொருளாக உணர்த்துவதைக் குறிக்கும் ‘இம்ப்ளை’ என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இச்சொல்லின் இயல்பு தெளிவாகும். ‘இம்ப்ளை’ நடுநிலையானது. மனிதர் மட்டுமல்லாமல் புள்ளிவிவரமும் மௌனமும் ஆய்வு முடிவும்கூட ஒன்றை ‘இம்ப்ளை’ செய்யலாம். ‘இன்சினுவேட்’ என்னும் வினைக்கோ உள்நோக்கம் தேவை. ஆகவே அதன் எழுவாயாக ஓர் ஆளோ அவர் பேச்சோ எழுத்தோ வரவேண்டும். விற்பனைக் குறைவு ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது என்று எழுதும் இடத்தில் ‘இன்சினுவேட்’ வந்திருந்தால் அது பிழையென்று தயங்காமல் அடித்துவிடலாம். ‘ஹின்ட்’ என்பது எதிராளி புரிந்துகொள்ளட்டும் என்று கொடுக்கும் துப்பு. அதில் தீமை இருந்தாக வேண்டியதில்லை. ‘சஜெஸ்ட்’ வெளிப்படையான யோசனைக்கும் பொருந்தும். ‘இன்ஃபர்’, அதாவது சொன்னதிலிருந்து ஊகித்து அறிவது, கேட்பவரின் வேலை. பேசுபவர் ‘இம்ப்ளை’ செய்வதைக் கேட்பவர் ‘இன்ஃபர்’ செய்கிறார்.

‘இன்டிமேட்’ என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும். இந்திய அலுவலக ஆங்கிலத்தில் அது முறைப்படி தெரிவிப்பதைக் குறிக்கும். பிற நாட்டு வாசகர் பலருக்கு அதே வினை நாசூக்காக உணர்த்துவதையே முதலில் நினைவூட்டும். எனவே வெளிநாட்டுக்குச் செல்லும் கடிதத்தில், ‘தெரிவிக்கவும்’ என்பதற்கு ‘இன்ஃபார்ம்’ என்று எழுதுவதையே நான் வற்புறுத்துகிறேன்.

‘இன்சினுவேட்’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவருடைய நம்பிக்கைக்குள்ளோ ஒரு குழுவுக்குள்ளோ நைச்சியமாகப் பேசி மெல்ல மெல்ல இடம்பிடிப்பதையும் அது குறிக்கும். அப்போது வினைக்குப் பின் ‘தன்னை’ என்ற பொருள்தரும் சொல்லும், அதையடுத்து ‘இன்டு’ என்ற முன்னிடைச்சொல்லும் வரும். இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வளைவு, மடிப்பு என்று பொருள்படும் ‘சைனஸ்’ என்ற லத்தீன் சொல்லே அந்த வேர். மூக்கையொட்டிய எலும்புக் குழிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயரும் அதுவே. நேர்வழியில் வராமல் வளைந்து நெளிந்து உள்ளே நுழைவது என்ற கருத்து, பேச்சுக்கும் ஆளுக்கும் பொதுவாக நிற்கிறது. பண்டைய ரோமானியப் பேச்சுக்கலையில், கேட்பவர் பகைமையோடு இருக்கும்போது வாதத்தைச் சுற்றுவழியில் தொடங்கும் முறைக்கு ‘இன்சினுவாசியோ’ என்றே பெயர். ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ அதை விளக்கியிருக்கிறார். அங்கே அது ஓர் உத்தி மட்டுமே. இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பழைய மதிப்பு எஞ்சியிருப்பதாக நினைத்து யாரும் எழுதக்கூடாது.

சொன்னது முழுவதும் உண்மையாக இருந்தும் சொல்லப்பட்டவர் கெட்டுப்போக முடியும் என்பதுதான் இத்தகைய பேச்சில் அஞ்ச வேண்டிய கூறு. தத்துவவியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஆற்றிய சொற்பொழிவில் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். தத்துவப் பணிக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி அவருடைய ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில், அவருடைய ஆங்கிலம் சிறப்பானது, வகுப்புக்கு ஒழுங்காக வந்தார் என்பவை மட்டுமே இருக்கின்றன. மாணவருக்குத் தத்துவம் வராது என்று கடிதத்தில் எங்கும் இல்லை. ஆயினும் படிப்பவர் அப்படித்தான் புரிந்துகொள்வார். பின்னர் கேள்வி எழுந்தால், “நான் அப்படி எழுதவில்லையே” என்று ஆசிரியர் நழுவிவிடவும் முடியும். பரிந்துரைக் கடிதம் எழுதும் இடத்தில் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வேறொன்றும் சொல்லத் தோன்றாத அவசரத்தில் வருகைப் பதிவை மட்டும் புகழ்ந்து எழுதினாலும், தீய எண்ணம் துளியும் இல்லாமலே அந்த விண்ணப்பதாரரின் வாய்ப்பு பறிபோகலாம்.

மின்னஞ்சலில் இச்சொல் இன்னும் விரைவாகப் புண்படுத்தும். முந்தைய கடிதத்தில் ஒருவர் நயமாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, ‘நீங்கள் இன்சினுவேட் செய்தபடி’ என்று பணிவாகப் பதில் எழுதினால், ‘நீங்கள் ஜாடையாகப் பழித்தபடி’ என்று அவர் படிப்பார். அங்கே ‘சஜெஸ்ட்’ போதும். அதேபோல, “என்ன இன்சினுவேட் செய்கிறீர்கள்?” என்ற கேள்வி விளக்கம் கேட்பதாகாது, அது சண்டைக்கு இழுப்பது. உண்மையிலேயே விளக்கம்தான் வேண்டுமென்றால், அவர் எழுதிய வரியை எடுத்துக்காட்டி, ‘இதை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன், சரியா?’ என்று கேட்கலாம்.

அந்தக் கேள்வி உங்களை நோக்கி வந்தால், ‘நான் எதையும் இன்சினுவேட் செய்யவில்லை’ என்று மட்டும் மறுத்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. ஜாடை பேசியவரும் அதையேதான் சொல்வார். நீங்கள் அறிந்தது இன்னது, அறியாதது இன்னது, கேட்க விரும்புவது இன்னது என்று அடுத்த வாக்கியத்திலேயே நேராக எழுதிவிடுங்கள்.