கேட்டினின்: செல்லை ஒட்டவைக்கும் புரதத்துக்கு உட்கருவில் என்ன வேலை?

சங்கிலியைக் குறிக்கும் 'கடேனா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் கேட்டினின். ஜெர்மனியில் ரோல்ஃப் கெம்லரின் ஆய்வுக் குழு 1989இல் இந்தப் பெயரை வைத்தது. செல்லின் மேலுறையில் இருந்து பக்கத்துச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தை அவர்கள் பிரித்தெடுத்தபோது, விடாமல் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று புரதங்கள் கூடவே வந்தன. கேட்ஹெரினைச் செல்லின் உள் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளோடு இணைக்கும் கண்ணிகள் இவைதான் என்று கருதி ஆல்ஃபா, பீட்டா, காமா கேட்டினின் என்று பெயரிட்டார்கள்.

கேட்ஹெரின் என்பது அதற்கு ஐந்து வருடம் மூத்த சொல். ஜப்பானின் கியோட்டோவில் மசதோஷி தகேய்ச்சி 1984இல் வைத்தது. கால்சியம் இருந்தால்தான் ஒட்டும் என்பதால் கால்சியத்தின் 'க'வும் ஒட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வேரும் சேர்ந்த பெயர். இன்றும் ஆய்வகத்தில் ஒட்டிக்கிடக்கும் செல்களைப் பிரிக்க முதலில் கால்சியத்தை நீக்குகிறார்கள்.

இதுவரை சரி, ஒட்டுகிற கதைதான். குழப்பம் பழ ஈயிடமிருந்து வந்தது. ஈயின் புழுவுக்கு வயிற்றில் ஒரு பட்டை முள், ஒரு பட்டை மொழுமொழு என்று மாறி மாறி இருக்கும். ஒரு மரபணு கெட்டால் மொழுமொழுப் பட்டைகள் போய் வயிறு முழுக்க முள்ளாகிவிடும். கவசம் போட்ட விலங்கின் பெயரான 'அர்மடில்லோ'வையே அந்த மரபணுவுக்கு வைத்தார்கள். உடலின் எந்தப் பகுதி எதுவாக வளர வேண்டும் என்பதை முடிவு செய்யும் மரபணுக்களில் அதுவும் ஒன்று. 1991இல் பீட்டா-கேட்டினினின் அமினோ அமில வரிசையைப் படித்தபோது அது அர்மடில்லோ புரதத்தின் நேர் உறவு என்று தெரிந்தது. செல்லின் மேலுறையோரம் பிணைத்துக்கொண்டிருக்கும் ஒரு புரதம் உடலின் அமைப்பைத் தீர்மானிப்பது எப்படி?

விடை உட்கருவில் இருந்தது. செல்கள் ஒட்டிக்கொள்ளும் சந்திப்பில் இடம் கிடைக்காமல் செல்லுக்குள் தனியாகத் திரியும் பீட்டா-கேட்டினினை, ஏபிசி, ஆக்ஸின் முதலான புரதங்கள் அடங்கிய ஒரு கூட்டமைப்பு பிடித்து, பாஸ்பேட் குறி வைத்து அழிவுக்கு அனுப்பிவிடும். வெளியிலிருந்து 'விண்ட்' என்ற சமிக்ஞைப் புரதம் வந்தால் இந்த அழிப்பு நின்றுபோகும், பீட்டா-கேட்டினின் சேர்ந்துகொண்டே போய் உட்கருவுக்குள் நுழையும். நுழைவதற்கு வழக்கமான தூதுவப் புரதங்களின் உதவிகூட வேண்டாம். உட்கருத் துளையோடு தானே பேசிக்கொள்ளும். உள்ளே போனாலும் டிஎன்ஏவை நேரடியாகப் பிடிக்கத் தெரியாது. டிஎன்ஏ மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் டிசிஎஃப் என்ற புரதத்தை ஒரு பக்கம் பிடித்து, மரபணுவை இயக்கும் புரதங்களை இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். இதை 1996இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. கவனியுங்கள், அங்கேயும் அது செய்வது இணைப்பு வேலைதான், கூட்டாளிகள்தான் வேறு.

இது தடம் புரண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெருங்குடல் புற்றுநோய் உதாரணம். அதில் பத்தில் எட்டுக் கட்டிகளில் ஏபிசி மரபணு பழுதாகியிருக்கும். அழிக்க ஆளில்லாமல் பீட்டா-கேட்டினின் உட்கருவில் குவிந்து, செல் பெருக்கத்தைத் தூண்டும் மைக் (MYC) போன்ற மரபணுக்களை அணையவே விடாது. மென்திசுக்களில் வரும் டெஸ்மாய்ட் என்ற கட்டியைக் கண்டறியும்போது நோய்க்குறியியல் மருத்துவர்கள் இந்தப் புரதத்துக்குச் சாயம் ஏற்றி, உட்கருவில் தெரிகிறதா என்று பார்ப்பதும் இதனால்தான்.

பீட்டா மட்டுமல்ல, பி120 என்ற இன்னொரு கேட்டினினும் உட்கருவுக்குப் போகும். அங்கே அது பிடிக்கும் புரதத்தின் பெயர் கைசோ. கரீபியன் கலிப்சோ இசையின் பழைய பெயர் அது. கண்டுபிடித்த ஜூலியட் டேனியல் பார்படோஸ் தீவைச் சேர்ந்தவர். பெயர் வைப்பதில் இப்படியும் கொஞ்சம் சந்தோஷம் வேண்டும்.

அப்புறம், செல்களை ஒட்டவைக்கும் இந்தப் புரதங்களுக்குத் தமிழ்ச் சொல். முதலில் ஒரு எச்சரிக்கை: இயற்பியல் பாடத்தில் ஒட்டுதலுக்கு (adhesion) வரும் 'வேற்றினக் கவர்ச்சி'யை இங்கே இழுத்து வராதீர்கள். ஈ-கேட்ஹெரின் பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைத்தான் பிடிக்கிறது, அதாவது தன் இனத்தையே, அதனால் அந்தச் சொல் நேர் எதிரான பொருள் தந்துவிடும். பொதுவாக 'செல் ஒட்டிணைவுப் புரதம்' போதும். இலங்கையில் செல்லைக் கலம் என்பதால் 'கல ஒட்டிணைவுப் புரதம்' என்று எழுதலாம்.

கேட்டினினுக்கு? சங்கிலிக்கு நம்மிடம் 'தொடர்' என்ற பழைய சொல் உண்டு, புறநானூற்றில் 'தொடர்ப்படு ஞமலி' என்றால் சங்கிலியில் கட்டிய நாய். ஆனால் 'தொடர்ப்புரதம்' என்று எழுதினால் இன்று யாருக்கும் சங்கிலி தோன்றாது, 'தொடரி' என்றாலோ ரயில் என்று நினைப்பார்கள். 'ஒட்டுப்புரதம்' இன்னும் மோசம், உட்கருவில் அது எதையும் ஒட்டவைப்பதில்லை. என் கட்சி, கேட்டினின் என்றே எழுதிவிடலாம். இன்சுலின் என்ற பெயரும் தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், அதற்காக யாரும் அதைத் தீவுப்புரதம் என்று எழுதுவதில்லையே.