புதிய அறிவியல் கருவிகள் எப்படி? பிள்ளைகளிடம் கேளுங்கள்

தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டில் ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. வண்ணப் படங்களும் கியூஆர் கோடுமாக அறிவியல் புத்தகத்தின் முகமே மாறியது. அப்புறம் ஹைடெக் லேப், காணொளி, செயலி என்று வரிசையாக வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் இவை பயன்படுகின்றனவா என்று பெரியவர்களே பேசி முடித்துவிடுகிறோம்.

ஆசிரியர் பயிற்சிக்காகத் திருவாரூர், நாகை பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். "எப்படி இருக்கு?" என்று பிள்ளைகளிடம் கேட்டால் "சூப்பர் சார்" என்பார்கள். அது நம் முகத்துக்காகச் சொல்லும் பதில். பெயர் எழுதாத துண்டுச் சீட்டைக் கொடுத்து, "எந்த இடத்தில் புரியாமல் போனது?" என்று கேட்டுப் பாருங்கள். காணொளி வேகமாக ஓடிவிடுகிறது, நோட்டில் எழுத நேரமில்லை. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வயலுக்குப் போய்விடுகிறது. லேப்பில் மவுஸ் எப்போதும் முதல் வரிசைப் பையன் கையில், பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கிறார்கள். எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

இதய வால்வு திறந்து மூடுவது, செல் பிரிவது போல நேரில் காண முடியாதவற்றுக்கு அனிமேஷன் வேண்டும் என்று அவர்களே எழுதுகிறார்கள். கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதையும் திரையிலேயே காட்டினால்தான் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பு நியாயமானது.

ஒன்பதாம் வகுப்பில் மிதப்பு விசை பற்றிய காணொளி முடிந்ததும் ஒரு மாணவி, "எங்க தாத்தா விதைநெல் பிரிக்கிறது இதுதானே சார்?" என்றாள். மறுநாள் வகுப்புக்கு வாளி வந்தது. தண்ணீரில் போட்ட முட்டை அடியில் போய் உட்கார்ந்தது. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க மெல்ல மேலேறி, காசளவு ஓடு வெளியே தெரிந்தது. அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினாள். பதரும் பாதி முற்றிய மணியும் மிதந்தன, முற்றிய மணி அடியில் தங்கியது. தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், உப்பு நின்றால் முளைப்பு கெடும் என்பதையும் அவளே சொன்னாள். கரைசலின் அடர்த்தியை அளக்கும் திரவமானியின் வேலையை அங்கே முட்டை செய்தது. "முட்டை ஏன் முழுசா வெளிய வரல?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். மிதத்தல் விதியை நடத்த அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை. காணொளியை மறுபடி ஓடவிட்டபோது அவர்களே நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஆசிரியர்களே, புதிதாக எந்தக் கருவி வந்தாலும் ஒரு பாடம் நடத்திய கையோடு அந்தச் சீட்டைக் கொடுங்கள். விடைத்தாள்போலத் திருத்த வேண்டாம். பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தச் சீட்டுகளைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து என்ன வாங்குவது என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.