எம்.எஸ்சி. அனாட்டமி: ஃபீஸ் கட்டும் முன் விசாரிக்க வேண்டியவை

பி.எஸ்சி. விலங்கியல், பயோடெக், பிசியோதெரபி முடித்தவர்கள் அட்மிஷன் காலத்தில் எங்கள் அனாட்டமி (உடற்கூறியல்) துறைக்கு எம்.எஸ்சி. பற்றி விசாரிக்க வருவார்கள். கூட வரும் அப்பா அம்மாவின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதை முடிச்சா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமா சார்?" போட முடியாது. பிஎச்.டி. வாங்கினால் போடலாம். அப்போதும் நோயாளிக்கு மருந்துச்சீட்டு எழுதும் உரிமை கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதிச் சேரும் மூன்று வருட எம்.டி. அனாட்டமி வேறு, அறிவியல் பட்டதாரிகள் சேரும் எம்.எஸ்சி. அனாட்டமி வேறு. பாடப் புத்தகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வேலைக்குப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அரசுத் தரப்பிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. தரமணியில், ஏ.எல். முதலியார் பெயரில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் அனாட்டமி துறை உண்டு. டெல்லி எய்ம்ஸில் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். சில இடங்களில் இரண்டு வருடம், சில இடங்களில் மூன்று. கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டத்தில் என்ன பெயர் அச்சாகும், எந்த ஃபேகல்ட்டியின் (புலத்தின்) கீழ் தருகிறார்கள் என்பதையும் கேளுங்கள். வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது இதெல்லாம் கேள்வியாக வரலாம்.

எம்.எஸ்சி. அனாட்டமி படிக்கும் பெரும்பாலானோரின் குறி, மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. எம்.பி.பி.எஸ். இல்லாதவர்களுக்கு அனாட்டமி துறையில் முப்பது சதவீத இடம் வரை நீண்ட காலம் அனுமதி இருந்தது. 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைப் பாதியாக, பதினைந்து சதவீதமாகக் குறைத்தது. மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி துறைகளில் கதவையே மூடியது. 2025-ல் வந்த ஆசிரியர் தகுதி விதிகள் அந்த இரண்டு பாடங்களுக்கும் மறுபடி திறந்துவிட்டன. ஐந்து வருடத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம். உதவிப் பேராசிரியர் ஆக எம்.எஸ்சி. மட்டும் போதாது, அதே பாடத்தில் பிஎச்.டி.யும் வேண்டும். அதை எங்கே, எப்படி முடித்தீர்கள் என்பதையும் சான்றிதழ் சரிபார்க்கும்போது தோண்டுவார்கள். ஆகவே ஆணையத்தின் அன்றைய விதியை அதன் இணையதளத்தில் நீங்களே படியுங்கள். சீனியர் சொன்னார், ஏஜென்ட் சொன்னார் என்று சேராதீர்கள்.

சரி, வாத்தியார் வேலையை விட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. நிறைய பேர் கவனிக்காத ஆய்வக வழி அது.

அனாட்டமி என்றாலே உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹால்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். பாதிப் படிப்பு மைக்ரோஸ்கோப்பின் அடியில் நடக்கிறது: ஹிஸ்டாலஜி (திசுவியல்), கருவளர்ச்சி, நரம்பு மண்டலம். ஒரு துண்டுத் திசுவை, அது அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, படிப்படியாக ஆல்கஹாலில் நீரை எடுத்து, சைலீனில் தெளியவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் ஐந்து மைக்ரான் கனத்துக்கு வெட்டிச் சாயமேற்ற வேண்டும். நியூக்ளியஸ் நீலமாகவும் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் வரும், எல்லாம் சரியாக நடந்தால். கத்தி முனையில் சின்ன முறிவு இருந்தால் ஸ்லைடு முழுக்கக் கோடு விழும். ஃபார்மலினில் அதிக நாள் கிடந்த திசுவில், நாம் தேடும் புரதத்தை ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் போய் ஒட்டும் மூலக்கூறு) அடையாளம் காணாது. சிட்ரேட் கரைசலில் சூடாக்கி அந்தப் புரதத்தைத் திரும்ப வெளிக்கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் கை பழகித்தான் கற்க முடியும்.

செல் பயாலஜி ஆய்வகங்களில் கல்ச்சரும் (செல் வளர்ப்பு) பி.சி.ஆரும் (டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) தெரிந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் சிறுநீரக ஸ்லைடைக் காட்டி, புரதம் எந்தக் குழாயில் ஒளிர்கிறது, அண்மைக் குழாயிலா சேய்மைக் குழாயிலா என்று கேட்டால் பலர் திணறுவார்கள். உட்புறம் பிரஷ் மாதிரி ஓரம் தெரிந்தால் அண்மைக் குழாய் என்று அனாட்டமி மாணவர் சட்டென்று சொல்லிவிடுவார். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் உண்மையான பலம் இதுதான். ஆய்வக முறைகள், திசு அறிவு இரண்டையும் சேர்த்துக் கற்றவருக்கு ஆய்வகங்களில் மதிப்பு அதிகம்.

அந்த ஆய்வுப் பக்கம் போக சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் எழுத வேண்டும். ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தேர்வில் தாவரம், சூழலியல், பரிணாமம் எல்லாம் உண்டு. எம்.எஸ்சி.யில் இவற்றைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். முதல் வருடத்திலிருந்தே தனியாகப் படித்தால்தான் உண்டு. கருத்தரிப்பு மையங்களில் எம்ப்ரியாலஜிஸ்ட் (ஆய்வகத்தில் கருவைக் கையாளுபவர்) ஆகவும் சிலர் போகிறார்கள். 2021-ல் இதற்கென்று சட்டம் வந்து, தகுதியும் விதிகளில் எழுதப்பட்டுவிட்டது. எம்.எஸ்சி. அனாட்டமி அதில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

உடல்நலம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒரு வருடத்தில் ஹாலை விட்டுப் போய்விடுவார். நீங்கள் வருடக்கணக்கில் இருப்பீர்கள். கையுறை போடுங்கள், காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

சேரும் முன் ஒரு நாள் துறைக்கு நேரில் போங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா, மைக்ரோடோம் தூசி படிந்து கிடக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அப்புறம் இரண்டாம் வருட மாணவர்களைத் தனியாகக் கேளுங்கள்: முதல் கீறல் தொடங்கி முழு உடல் வரை நீங்களே டிசெக்ட் செய்கிறீர்களா, எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் முடித்ததைத்தான் பார்க்கிறீர்களா? தீஸிஸுக்கான ஸ்லைடை நீங்களே வெட்டுகிறீர்களா, வெளி லேபுக்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு வெளி லேப் என்று பதில் வந்தால், நான் வேறு கல்லூரி பார்க்கத்தான் சொல்வேன்.