கொழுப்புக்கும் வாட்டம் வேண்டும்

செங்கோட்டையைத் தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில் சாயங்காலமானால் அல்ஃபாம் கடைகளின் கரிப்புகை மூக்கைத் துளைக்கும். அங்கே கோழியின் கொழுப்பு நேராகக் கங்கில் சொட்டிப் பொசுங்குகிறது. பெல்லட் கிரில்லில் அப்படிச் சொட்டவே கூடாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் 1986-இல் காப்புரிமை பெற்ற அடுப்பு இது. பெல்லட் எனப்படும் அழுத்திய மரத்தூள் குச்சிகளைத் திருகுத்தண்டு ஒன்று சிறிய தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், விசிறி காற்றூதும். தீக்கு மேலே ஒரு மறைப்புத் தகடு, அதற்கு மேல் சாய்வான தட்டு. இறைச்சியில் உருகும் கொழுப்பு அந்தத் தட்டில் வழிந்து, வாய்க்கால், வடிகுழாய் வழியே வெளியே தொங்கும் வாளிக்குப் போகும்.

தளம் போடும் கொத்தனார் வாட்டம் பார்ப்பது போலத்தான் இதுவும். புது அடுப்பில் வாட்டம் சரியாக இருக்கும். ஆண்டுகள் போனால் தட்டின் நடுப்பகுதி, தீக்கு நேர் மேலே இருப்பதால், ஓரங்களைவிட அதிகம் சூடேறி விரிகிறது. ஓரங்கள் இடம் கொடுக்காததால் நடு வளைகிறது. திரும்பத் திரும்ப இது நடக்க, தகடு குழிந்தே போகிறது. கொழுப்பு போய் நிற்பது அந்தக் குழியில். அதாவது, அடுப்பிலேயே மிகச் சூடான இடத்தில். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதிலிருந்து கிளம்பும் ஆவி தீப்பிடிக்கப் போதும். சுத்தம் செய்யச் சோம்பி விரிக்கும் அலுமினியத் தாளின் ஒரு மடிப்பும் இதே வேலையைச் செய்யும்.

குழி இருக்கிறதா என்று பார்க்க, ஆறிய அடுப்பில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும். தேங்கும் இடம் தெரிந்துவிடும். தட்டைக் கழற்றிவிட்டு ரசமட்டத்தை உள்ளே வைத்துப் பார்ப்பதும் அவசியம், அடுப்பு நிற்கும் தரையே சாய்ந்திருக்கலாம். குழிந்த தட்டைத் தட்டி நிமிர்த்துவதைவிட மாற்றிவிடுவதே நல்லது.

அடைப்பு வரும் இடம் வேறு. பழைய அடுப்பு ஒன்றின் வடிகுழாயைக் குச்சியால் குடைந்து பார்த்தேன். உள்பாதி கிட்டத்தட்ட சுத்தம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியில் வெளிறிய மஞ்சள் கொழுப்பு, அதைச் சுற்றிக் கறுத்த பிசின். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதும் இதே கணக்குதான்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கெட்டியாகும். மாட்டுக்கொழுப்போ 40 டிகிரியிலேயே இறுகத் தொடங்கிவிடும், எனவே நம் ஊர் வெயிலிலும் குழாயில் உறையும். கறுப்புப் பிசின், சூட்டிலும் காற்றிலும் கொழுப்பின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உண்டானது; அது மறுபடி உருகாது, சுரண்டத்தான் வேண்டும். சமைத்து முடித்து, குழாய் இளஞ்சூடாக இருக்கும்போதே சுரண்டினால் பாதி உழைப்பு மிச்சம்.

தீ பிடித்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது: அது நொடியில் சுமார் 1,700 மடங்கு பருமனுள்ள ஆவியாகி, எரியும் கொழுப்பை முகத்தில் வீசும்.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றோடு சாரல் வரும்போது வாளியையும் கவனிக்க வேண்டும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. மழைநீர் அடியில் சேரச் சேர, மேலே மிதக்கும் கொழுப்புதான் முதலில் வழியும். வாளிக்கு மேல் ஒரு தகரத் துண்டு போதும்.