வீடியோ கேம்களில் வெளிப்படும் மனித குணம்

வளரிளம் பருவத்தினருக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் என்னிடம் வீடியோ கேம் குறித்துப் பெற்றோர் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை. எவ்வளவு நேரம் அனுமதிக்கலாம், எப்போது நிறுத்தச் சொல்லலாம் என்று கேட்பது அவசியமே. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை யாராக இருந்து, எந்த நெருக்கடியில், எந்த முடிவை எடுக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். கதையில் வரும் துரோகத்தை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். விளையாட்டிலோ அதைச் செய்வதும் செய்ய மறுப்பதும் நம் கையில் இருக்கின்றன. மனிதரின் உயர்வையும் தாழ்வையும் இந்த ஊடகம் காட்டும் விதத்தின் தனித்தன்மை இதுதான்.

2013இல் லூக்காஸ் போப் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில் நாம் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஊழியர். எத்தனை பேரைச் சரியாகப் பரிசோதிக்கிறோமோ அதற்கேற்பத்தான் கூலி. அந்தக் கூலியில்தான் வாடகையும் உணவும் வீட்டுக்கான வெப்பமும் நோயுற்றவருக்கு மருந்தும் வாங்க வேண்டும். ஒருவர் சரியான ஆவணங்களுடன் எல்லையைக் கடக்கிறார். அவருக்குப் பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை, திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறார். ஒரு நாளின் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே, அதன்பின் அபராதம் என்பது விதி. ஆகவே விளையாடுபவர் தம்மை அறியாமலேயே இரக்கத்துக்கு நாள்தோறும் ஒரு ஒதுக்கீடு வைத்துக்கொள்கிறார்: இன்று இருவரை விடலாம், மூன்றாமவரை விட்டால் என் மகனுக்கு மருந்து இல்லை. வெறுப்பே இல்லாத ஒரு மனிதர் அச்சத்தாலும் களைப்பாலும் எப்படிக் கொடுமையின் கருவியாகிறார் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் படைப்புகள் அரிது என்பது என் கருத்து.

1990களில் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் நடந்த முற்றுகையை அடியொற்றி, போலந்தைச் சேர்ந்த 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' போரைப் பொதுமக்களின் பக்கமிருந்து காட்டுகிறது. பசியோடிருக்கும் நம் குழுவுக்காக ஒரு முதிய தம்பதியின் வீட்டில் உணவைத் திருடலாம். தடுக்க அவர்களுக்கு வலுவில்லை. ஆனால் திருடியவரும் குழுவினரும் அதன்பின் மனம் நொந்துபோகிறார்கள், அந்தத் துயரம் அவர்களுடைய செயல்திறனையும் குலைக்கிறது. போலந்து அரசு 2020இல் இதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. கடினமான உள்ளடக்கம் கொண்ட இத்தகைய விளையாட்டுகளின் வயது வரம்பைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உயர்வைக் காட்டும் விளையாட்டுகளில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 2012இல் வெளிவந்த 'ஜர்னி'. பாலைவனத்தில் நடக்கும் நம்மோடு, உலகின் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர் சேர்ந்துகொள்கிறார். பேச வழியில்லை, இசைபோன்ற ஒற்றை ஒலியை மட்டுமே எழுப்ப முடியும். அவரது பெயர்கூடப் பயணம் முடிந்த பின்னர்தான் தெரியவரும். இதை உருவாக்கியபோது, விளையாடுபவர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட முடிந்த கட்டத்தில் அவர்கள் உதவுவதை விட்டுவிட்டு ஆபத்தில் தள்ளி மகிழ்ந்தனர் என்று அதன் வடிவமைப்பாளர் ஜெனோவா சென் கூறியிருக்கிறார். தள்ளும் வசதி நீக்கப்பட்டு, அருகில் வந்து தொட்டால் இருவருக்கும் ஆற்றல் பெருகும் என்ற விதி வந்ததும் நெருக்கம் பிறந்தது. மனிதரின் நற்குணம் எந்த விதிகளுக்கு நடுவே அவர்கள் நிறுத்தப்படுகிறார்கள் என்பதையும் பெரிதும் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பறை விதிகளை வகுக்கும் ஆசிரியர்கள் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

எவரும் திட்டமிடாமலேயே வெளிப்பட்ட குணங்களும் உண்டு. பலர் இணையம் வழியாக ஒரே கற்பனை உலகில் சேர்ந்து விளையாடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் 2005இல், ஒரு குறிப்பிட்ட களத்துக்குள் மட்டும் இருக்க வேண்டிய கற்பனைத் தொற்று, வளர்ப்பு விலங்குகள் வழியாக நகரங்களுக்குப் பரவியது. குணப்படுத்தும் திறன் பெற்றவர்கள் தாமாகவே பிறரைக் காக்க முன்வந்தார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துசென்று பரப்பினார்கள். உண்மையான கொள்ளைநோய்க் காலத்து மனித நடத்தையைப் புரிந்துகொள்ள உதவும் என்று தொற்றுநோய் ஆய்வாளர்களே இதைப் பற்றி 2007இல் எழுதினார்கள்.

எல்லா விளையாட்டுகளும் இந்த ஆழத்தை எட்டுவதில்லை. எதிராளிக்கு முகமோ கதையோ தராமல், சுடுவது ஒன்றையே செயலாக வைத்துப் புள்ளிகள் வழங்குபவை ஏராளம். அவற்றால் பிள்ளைகள் வன்முறையாளர்களாகிவிடுவார்கள் என்று அஞ்சுவோர்க்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: கடும் வன்செயலுக்கும் இவற்றுக்கும் காரணத்தொடர்பு இருப்பதாகக் கூறப் போதிய சான்று இல்லை என்றும், கத்துதல், தள்ளுதல் போன்ற சினச் செயல்களோடு சிறிய தொடர்பு காணப்படுகிறது என்றும் அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெரிவித்தது. என் கவலை, அத்தகைய விளையாட்டுகளில் மனிதரைப் பற்றிக் கற்க எதுவும் இல்லாமல் போவதைப் பற்றியது. உள்ளே இருப்பது தெரியாத பரிசுப் பெட்டிகளைப் பணம் கொடுத்து வாங்கத் தூண்டும் தயாரிப்பாளர்களின் பேராசையும் கவலைக்குரியதே. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டமாகக் கருதி நடவடிக்கை எடுத்தது.

ஆலோசனை அறையில், தாம் எடுத்த ஒரு முடிவை விவரிக்கும்படி நான் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு. அந்தப் பெண்ணை ஏன் உள்ளே விட்டாய், முதியவரின் உணவை எடுத்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்டால், தம் அச்சங்களைப் பற்றி நேரடியாகப் பேசத் தயங்குபவர்கள்கூட மனம் திறக்கிறார்கள். பெற்றோரும் அருகில் அமர்ந்து இவ்வாறு கேட்கலாம், ஒரே நிபந்தனையோடு: பதிலைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கக் கூடாது. என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காகத் தீயவராக விளையாடுவதும் ஒரு தேடலே. அதைக் கொண்டு குழந்தையின் குணத்தை முடிவுசெய்வது தவறு. ஆன்லைனில் சக விளையாட்டாளரை இழிவாகப் பேசுவதும் கூட்டாகச் சேர்ந்து ஒருவரைத் துன்புறுத்துவதும் இதில் சேராது. அங்கே காயப்படுபவர் உயிருள்ள மனிதர் என்பதால், வகுப்பில் நடந்திருந்தால் எவ்வளவு பொறுப்போடு அணுகுவோமோ அவ்வளவு பொறுப்போடு அதையும் அணுக வேண்டும்.